அம்மாவின் பிரஷர் மாத்திரையும் என் இன்சூரன்ஸ் கார்டும்

கண்ணு,

இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சர்க்கார் இன்சூரன்ஸ் கோயமுத்தூர் மில்லுகளுக்கு வந்த நாளிலேயே சொன்னேன். கேட்கத்தான் ஆளில்லை. இப்போது நீ மதுரையில் மில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "இன்சூரன்ஸ் என்று பிடித்துக்கொண்டார்கள், எனக்கு என்ன வியாதியா இருக்கிறது, இது எதுக்குங்கப்பா" என்று எழுதியிருக்கிறாய். நீ இதைக் கேட்பாய் என்றும் முன்னாலேயே உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். அதே காகிதத்தில், இடம் போதாமல் ஓரமாக, "அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாங்களா" என்றும் கேட்டிருக்கிறாய். இந்த இரண்டும் ஒரே கேள்விதான், சாமி. உனக்கு அது தெரியவில்லை. உன்மேல் தப்பில்லை, எனக்கே இந்த மாசம்தான் தெரிந்தது. அதனால்தான் தபால் கார்டில் முடிக்காமல் இவ்வளவு காகிதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாவது. அதிலும் பாதி நாள் வாத்தியார் என்னிடம்தான் கணக்குக் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆகையால் இந்த இன்சூரன்ஸ் விஷயத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அது வந்தபோது மில் வாசலில் வேப்பமரத்தடியில் எங்கள் ஷிப்டு ஆட்கள் எல்லோரையும் நிற்க வைத்து, டில்லியிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி விளக்கினார். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளியும் அவர் பங்கைப் போடுவார், கார்டில் ஸ்டாம்பு ஒட்டுவார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் டாக்டர் பார்ப்பார், மருந்து தருவார்கள், வேலைக்கு வர முடியாத நாளுக்கும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும் என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் ஒருத்தன்தான் கையைத் தூக்கி, "ஏனுங்க, கைகால் நல்லா இருக்கற வரைக்கும் எங்ககிட்டப் பிடிப்பீங்க. வேலையை விட்டு நிறுத்தின பொறவு வியாதி வந்தா யாருங்க பார்ப்பாங்க?" என்று கேட்டேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, நீங்கள் இருக்க வேண்டிய இடம் டில்லி என்றார். உன் அம்மாவைக் கேட்டால், வந்தது டில்லிக்காரர் இல்லை, நம்ம டைம் ஆபீஸ் குமாஸ்தா, அவர் கண்ணாடியே போடுவதில்லை என்பாள். அவள் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

ஆனால் கேள்வி என்னமோ உண்மையான கேள்வி. அதுதான் இன்றைக்கு வரைக்கும் என் நெஞ்சில் உறுத்துகிறது. எனக்கு வேலை இருந்த வருஷமெல்லாம் தும்மல்கூட வந்ததில்லை. ஸ்பின்னிங்கில் நான் மேஸ்திரியாக இருந்தபோது என் செருப்புச் சத்தம் கேட்டால் மெஷினே இழை அறுக்காது என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அந்த உடம்புக்கு மருந்து எதற்கு? மாசாமாசம் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். வியாதி வந்ததெல்லாம் உன் அம்மாவுக்குத்தான். ஆரம்பத்திலோ, வேலை செய்கிறவனுக்கு மட்டும்தான் வைத்தியம், வீட்டிலிருப்பவர்களுக்கு இல்லை என்று வைத்திருந்தார்கள். ஆகவே லைன் வீடுகளில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். பெண்சாதியின் வியாதியைத் தங்கள் வியாதியாகச் சொல்லி மருந்து வாங்கிவருவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன் பிள்ளை பெற்றவளுக்கு வரும் இடுப்பு வலியை அப்படியே டாக்டரிடம் சொல்லி, அவர் இவனை மேலும் கீழும் பார்த்திருக்கிறார்.

உன் அம்மாவுக்குத் தலைசுற்றலும் பிடரி வலியும் வந்தபோது, மிக்ஸர் மருந்து வாங்க ஒரு பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய், எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தேன். பிரஷர் பார்க்கிற பட்டையை என் கையில் சுற்றி, ரப்பர் பல்பை அமுக்கிப் பார்த்துப்போட்டு, "காங்கேயம் காளை மாதிரி இருக்கிறீர், உமக்குச் சாப்பாடுதான் ஜாஸ்தி" என்று டாக்டர் சொல்லி, ஜீரணத்துக்கு மிக்ஸர் எழுதிக்கொடுத்தார். கம்பவுண்டர் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று பல் வெட்டின காகிதத்தை ஒட்டித் தந்தார். அந்தச் சிவப்பு மிக்ஸரை உன் அம்மா பாட்டில் பாட்டிலாகக் குடித்தாள். நன்றாகப் பசித்ததாம். தலைசுற்றல் அப்படியே இருந்தது. இதை நான் ஊரெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். நீயும் சிரித்திருக்கிறாய். ஆனால் யாருக்கு வியாதியோ அவர் கையில்தான் அந்தப் பட்டையைச் சுற்ற வேண்டும் என்பது அதில் இருக்கிற விஷயம். பின்னால் வீட்டிலிருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். உன் அம்மா பேரையும் எழுதிக்கொடுத்தேன். அவள் கையிலே சுற்றிப் பார்த்த அன்றைக்குத்தான் டாக்டர் முகம் மாறினது. ரத்தக் கொதிப்பு, ரொம்ப எச்சாக இருக்கிறது, இந்த மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, நன்றாக ஆகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் கை கால் இழுத்துக்கொள்ளும் என்று அவளிடம் இல்லாமல் என்னிடம் திரும்பிச் சொன்னார். மாத்திரை போட்டால் மூக்கடைப்பாக இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் சாப்பிட்டாள். தலைசுற்றல் போச்சு.

மருந்து விஷயத்தில் நீ ஒன்று தெரிந்துகொள். டாக்டர் எழுதுவதெல்லாம் கிடைக்காது. அவர்கள் பட்டியலில் இருக்கிற மருந்து, அதிலும் அன்றைக்கு ஸ்டாக் இருக்கிற மருந்து, இதுதான் டிஸ்பென்சரிச் சன்னலுக்கு வெளியே வரும். இல்லாவிட்டால், இல்லை என்று சொல்லிவிடுவார்கள். நம்ம ஆட்கள் கோபித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படி வரக்கூடாது. திரும்ப டாக்டரிடம் போய், இதே வேலை செய்கிற வேறு மாத்திரை உள்ளே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதுவும் இல்லை என்றால், வெளியே வாங்குகிறேன், அந்தக் காசு திரும்பக் கிடைக்க என்ன செய்யணும் என்று கேட்க வேண்டும். வாங்கின பிறகு கேட்டால் பிரயோசனம் இல்லை. நான் ஒரு தரம் வாங்கின பிறகு போய்க் கேட்டு, கத்திவிட்டு மட்டும் வந்தேன். நல்லவேளையாக உன் அம்மாவின் பிரஷர் மாத்திரை பட்டியலில் இருந்தது. எனக்கு வேலை இருந்த வரைக்கும் அவளுக்கு மாத்திரை தட்டாமல் வந்தது.

போன சித்திரையில் என்னை ஓய்வு என்று அனுப்பினார்களே, அன்றைக்குக் கழுத்தில் விழுந்த மாலையின் கனத்துக்கு வேறு யாராவது இருந்தால் குனிந்திருப்பார்கள். டிபார்ட்மெண்டே அழுதது. அந்தக் கூட்டத்திலேயே நான் சொன்னேன், நாளையிலிருந்து என் இன்சூரன்ஸ் கார்டு வெறும் காகிதம், எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்று. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் நம்பவில்லை. எதற்கும் சன்னலில் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க, மாத்திரை தீரப்போகுது என்றாள். சரி என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சன்னலில் ஒரு குமாஸ்தா. வாயில் வெற்றிலை. கார்டைத் தொடக்கூட இல்லை. "வேலை போச்சுன்னா வைத்தியமும் போச்சு, வழியை விடுங்க பெரியவரே" என்றான். பெரியவரே என்கிறான், என்னை. நான் விட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷம் பிடித்த பணத்துக்குக் கணக்குச் சொல்லுடா என்று கேட்டேன். அவன் வெற்றிலையை விழுங்கிவிட்டான். உன் அம்மாவிடம் இதை அப்படியே நடித்துக் காட்டினேன். கார்டைத் தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அதோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் மாத்திரையை டவுனில் மருந்துக்கடையில் வாங்கினோம். சட்டைப்பையில் கைவிட்டு வாங்கும்போதுதான் அது என்ன விலை என்று தெரிகிறது. உள்ளே இருந்து சும்மா வந்தபோது அதைப் பொட்டுக்கடலை மாதிரி நினைத்திருந்தோம். உனக்கு எழுதலாம் என்றாள் அவள். புது ஊரில் பையன் இப்போதுதான் கால் ஊன்றுகிறான், வேண்டாம் என்றேன். ஆனாலும் அவள் சொன்னது போல உனக்கு எழுத நான் தயாராகத்தான் இருந்தேன், நேரம்தான் வரவில்லை. பிறகு அவளாகவே ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட ஆரம்பித்தாள். அப்புறம் தலை சுற்றினால் மட்டும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, முருங்கைக்கீரையும் பூண்டும் போதும், வெள்ளகோவிலில் என் பங்காளி ஒருத்தன் இதிலேயே எழுந்து ஏர் ஓட்டினான் என்று சொல்லி, கீரை கீரையாகக் கொண்டுவந்து போட்டேன். அவளும் ஆய்ந்து ஆய்ந்து பொரித்தாள்.

அந்த வெள்ளகோவில் பங்காளி மகள் கல்யாணத்துக்குத்தான் போன மாசக் கடைசியில் போயிருந்தோம். பந்தியில் உன் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். வாளி இடது கையில். பாதிப் பந்தியில் வாளி நழுவி விழுந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாரோ, என்னம்மணி ஆச்சு என்று கேட்கிறார்கள், இவள் சொல்கிற பதில் குழறுகிறது. வாய் ஒரு பக்கம் போகிறது. என்னிடம் என்னவோ சொன்னாள், கண்ணு, அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் பேசி எனக்குப் புரியாத வார்த்தை அதுதான். பாயில் படுக்க வைத்தோம். வெயில் சாய்கிறதுக்குள் பேச்சு சரியாயிற்று, கையும் வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து, ரசம் யார் மேலேயாவது பட்டுதுங்களா என்று கேட்டாள். பஸ்ஸில் வரும்போது காங்கேயம் தாண்டுகிற வரைக்கும் அவள் இடது கையை நான் விடவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய், அம்மாவைக் கேள்.

இதை உனக்கு எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள். எழுதிவிட்டேன். இப்போது நன்றாக இருக்கிறாள், பயப்படாதே. எப்படி நன்றாக இருக்கிறாள் என்பதுதான் இனிச் சொல்லப்போவது.

ஊருக்குத் திரும்பின இரண்டொரு நாளில், நான் சலூனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு மரியம்மாளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு உன் அம்மா டிஸ்பென்சரிக்குப் போய்விட்டாள். மரியம்மாள் புருஷன் இன்னும் மில்லில் இருக்கிறான், அவளுக்கு அங்கே பழக்கம். கார்டு என் பெட்டியில், சாவி என் அரைஞாணில். ஆகவே சன்னலில் இருந்தவர், கார்டு இல்லாவிட்டால் மில் பேரும் வீட்டுக்காரர் பேரும் சொல்லுங்கம்மா, பார்க்கிறேன் என்றிருக்கிறார். உனக்குத்தான் தெரியுமே, அவள் என் பேரைச் சொன்னதே கிடையாது. நம்ம பக்கத்தில் எந்தப் பெண்பிள்ளை சொல்லுவாள்? ரேஷன் கடையில்கூட நீ சின்னப்பையனாக நின்று சொன்னாய். மரியம்மாள் சொல்லப்போயிருக்கிறாள். அவர் விடவில்லை, சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது, எல்லாம் என்கீழ் வேலை பார்த்த ஆட்களின் பெண்சாதிகள். உன் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் பேரை, எங்கப்பன் பேரோடு சேர்த்து, வரிசையின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாளாம். மரியம்மாள் என்னிடம் சொல்லும்போது, "மேஸ்திரி, ரோல்காலிலே கூப்பிடற மாதிரிச் சொல்லுச்சுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்ததா, என்ன வந்தது என்று தெரியவில்லை.

அவர் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான். இதைக் கவனமாகப் படி. வேலையை விட்ட மறுநாளே வைத்தியம் நின்றுபோவதில்லை. ஒரு காலத்துக்கு நாம் கட்டியது, அதற்குப் பின்னால் வருகிற காலத்துக்குப் பலன் தருகிறது. நான் கடைசியாகக் கட்டின காலத்துக்கு உரிய பலன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில மாசம் இருக்கிறது. இத்தனை நாளாக ஏன் வரவில்லை என்று அவர்தான் அவளைக் கேட்டிருக்கிறார். உள்ளே டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திட்டின திட்டில் மரியம்மாளுக்கே கண்ணீர் வந்துவிட்டதாம். மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். கையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை.

நான் சலூனிலிருந்து வந்தபோது உன் அம்மா பொட்டலத்தை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "இன்னும் நாள் இருக்குதாமுங்க" என்றாள். நான் என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லாம் சொன்னாள், பேரைச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்க, நீங்க எந்தச் சன்னல்ல கேட்டீங்க?"

அந்த வெற்றிலைக்காரனை மாற்றிவிட்டார்கள், என் புகாரில்தான் மாற்றினார்கள், ஊட்டிக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள் என்றேன். அவள் சரிங்க என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது உன் சம்பளத்துக்கு வருகிறேன். எனக்கு மிச்சமிருக்கிற இந்தச் சில மாசமும் ஓடிப்போகும். அதற்கப்புறம் என்ன? நான் வேப்பமரத்தடியில் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் பதில் இல்லை. உழைக்கிற காலத்தில் மருந்து கொடுக்கிறான், கிழவனானால் கும்பிடு போட்டு அனுப்புகிறான். நினைத்தால் வயிறு எரிகிறது. கட்டினவன் நான், கட்டின வருஷத்தில் படுக்காமல் இருந்தது என் குற்றமா? ஆனால் மரியம்மாள் ஒன்று சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த பையன், தன்னை நம்பி இருக்கிற அப்பா அம்மா பேரையும் குடும்பத்தில் எழுதிக்கொடுக்கலாமாம். அப்படியானால், நீ எதற்கு என்று கேட்டாயே அந்தப் பிடிப்பு, அது உன் அம்மாவின் மாத்திரை. எனக்கு வேண்டாம், எனக்கு உடம்பு இரும்பு, அவள் பேரை மட்டும் எழுது. சரி, என் பேரையும் எழுது.

நீ மதுரையில் கட்டினால் இங்கே கோயமுத்தூரில் மாத்திரை தருவார்களா, இல்லை அவள் அங்கே வந்து உன்னோடு இருக்க வேண்டுமா, எனக்குத் தெரியாது. தெரியாது என்று நான் காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை, பத்திரமாக வைத்துக்கொள். அவள் அங்கே வந்துதான் ஆகவேண்டும் என்றால் அனுப்புகிறேன். எனக்குச் சமைக்கத் தெரியும். ரசம் வைத்தால் மூன்று வீதிக்கு மணக்கும். ஆனால் அதை நீயாக இப்படி இருக்கும், அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதே. பக்கத்து மெஷின்காரன் சொன்னான் என்றும் விட்டுவிடாதே. ஷிப்டு முடிந்து நேரே போய்ச் சன்னலில் நின்று, வாய் திறந்து கேள். இல்லை என்றால் எதனால் இல்லை என்று கேள். கேட்டதை எனக்கு எழுது. அவள் மாத்திரை தீருவதற்குள் எழுது.

இவ்வளவு ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்குத் தோன்றும். சொல்லிவிடுகிறேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனது நிஜம். டிஸ்பென்சரி எதிரே டீக்கடை வரைக்கும் போனேன். வரிசையில் என் டிபார்ட்மெண்ட் பையன்கள் நின்றார்கள். என்னைப் பார்த்து ஒருத்தன் பீடியை மறைத்தான், இன்னும் மரியாதை இருந்தது. அவர்களுக்கு முன்னால், உனக்கு மருந்து இல்லை என்று சன்னலில் இருப்பவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன். வெற்றிலை போட்ட குமாஸ்தா என்று ஒருத்தன் இல்லவே இல்லை, கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா